பாய்மரத்துக்குக் கீல் அடித்தட்டு: பில்லில் 316 இருக்கிறதா?

கேள்வி: சொந்த உபயோகத்துக்கு 20 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறோம். ரொம்பப் பழையது. அலுமினியப் பாய்மரம் படகின் மேல்தளமான டெக்கின் மேலேயே நிற்கிறது. ஏற்றி இறக்க நாலு பேர் தேவைப்படுகிறது. கதவுக்கு இருப்பதுபோல் கீல் வைத்த அடித்தட்டு போட்டால் இரண்டு பேர் போதும் என்கிறார்கள். பாரிமுனைக் கடை ஒன்றில் 316 ஸ்டெயின்லெஸ்ஸில் லேத்தில் செய்து தருகிறார்களாம். ஆனால் பில்லில் வெறும் 'எஸ்.எஸ். தகடு' என்றுதான் போடுவார்களாம். வாங்கலாமா?
– திருவான்மியூர் வாசகர்

பதில்: அந்த பில்லுக்கு வாங்காதீர்கள். 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, 304-ல் கிடையாது. நம் கடற்கரை உப்புக்காற்றில் 304 தகடு, கீலின் அச்சுக் கம்பியான 'பின்' நுழையும் ஓட்டைக்குள்தான் முதலில் அரிக்கும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. மாலிப்டினம் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும். இல்லையென்றால் கிண்டி, அம்பத்தூர் பக்கம் உள்ள உலோகப் பரிசோதனைக் கூடத்தில் காட்டுங்கள். தகடு, பின், போல்ட் மூன்றுக்கும் '316' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அளவு போட்ட வரைபடத்தில் கடைக்காரர் கையெழுத்தும் இருக்கட்டும்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே டெக்கைப் பார்த்துவிட வேண்டும். கீல் நன்றாக இருந்தும் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். பாய்மரத்திலிருந்து படகின் இரு பக்கமும் இறங்கும் ஷ்ரவுட் கம்பிகள் அதைக் கீழே இழுத்துப் பிடிப்பதால், அதன் எடையைப்போலப் பல மடங்கு அழுத்தம் உள்ளங்கை அகல இடத்தில் இறங்குகிறது. பழைய டெக் பலவற்றில் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரமோ பிளைவுட்டோ இருக்கும். பழைய ஸ்குரூ ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி அது ஊறிப்போகும். ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல இடம் 'டக்' என்று கேட்கும், ஊறிய இடம் 'பொத்' என்று அமுங்கிய சத்தம் தரும். பழைய ஓட்டையில் 3 மி.மீ. பிட்டைக் கையால் திருகி எடுக்கும்போது ஈரமான பழுப்புத் தூள் ஒட்டி வந்தால் சந்தேகமே வேண்டாம். தோலை வெட்டித் திறந்து, ஊறியதை எடுத்துவிட்டு, திட ஃபைபர் அடுக்கை எபாக்ஸி பிசினில் பதிக்க வேண்டும். ஷ்ரவுட்டை இறுக்கியதும் கேபின் கதவு சிக்குகிறது என்றால், கீழே உள்ள தாங்குகாலின் அடிப்பகுதியையும் பாருங்கள்.

கீலின் அமைப்பில் ஒரே விதி: நிமிர்ந்து நிற்கும்போது பாய்மரத்தின் அடி தட்டில் முழுசாக உட்கார வேண்டும், பாரம் பின்னில் ஏறக்கூடாது. அதனால் பின் ஓட்டை மேலும் கீழும் கொஞ்சம் நீண்டிருக்கட்டும். அலுமினிய வார்ப்புக் கீல் மலிவுதான், ஆனால் பாய்மரம் பக்கவாட்டில் முறுக்கினால் பின்னைப் பிடிக்கும் காது உடைந்துவிடும். புதுத் தட்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவு பாய்மரம் உயரும். அந்த உயரத்துக்கு டர்ன்பக்கிள் (ஷ்ரவுட்டை இறுக்கும் திருகு) நீளுமா என்று பாருங்கள், நீளாவிட்டால் பாய்மரத்தின் அடியில் அந்த அளவை நேராக வெட்டி எடுங்கள்.

பொருத்த நாலு எம்8 போல்ட் போதும். டெக்கில் 14 மி.மீ. ஓட்டை போட்டு, கெட்டியாகக் குழைத்த எபாக்ஸியால் அடைத்து, இறுகியபின் நடுவில் 8.5 மி.மீ.யில் மறுபடி துளையுங்கள். அப்போதுதான் தண்ணீர் உள்மரத்தைத் தொடாது. டெக்குக்கு அடியில் 6 மி.மீ. தாங்குதகடும் லாக் நட்டும் வேண்டும். வினிகர் வாசம் வரும் சிலிக்கான் வேண்டாம். தண்ணீர் புகாமல் அடைக்கும் பாலிசல்ஃபைடு பசை பூசி, பாதி இறுக்கி, அது இறுகியபின் போல்ட் தலையைத் திருப்பாமல் கீழேயிருந்து நட்டை மட்டும் முடுக்குங்கள். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் தொடும் இடமெல்லாம் ஜிங்க் குரோமேட் பேஸ்ட் தடவ வேண்டும், இல்லாவிட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

பின்பக்கம் சாய்க்கிறீர்கள் என்றால் முன்பக்க லோயர் ஷ்ரவுட்டை (பாய்மரத்தின் நடுவிலிருந்து இறங்கும் கம்பியை) கழற்றிவிடுங்கள், அது இறுகிப் பாய்மரத்தை வளைத்துவிடும். மற்ற ஷ்ரவுட் அடிகள் கீல் பின்னுக்குக் கீழேயோ பின்னாலோ இருந்தால் அவை தளர்ந்து, மரம் பக்கவாட்டில் ஆடும். பின்னின் நேர்கோட்டில் இரு பக்கமும் தற்காலிகக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

316 என்று விற்றது 304 ஆகிவிட்டால், 2019 நுகர்வோர் சட்டப்படி பில் தர மறுப்பதும், பில்லில் கெடு குறிக்காதபோது 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 வருடம் அவகாசம் உண்டு. படகை வாடகைக்கு விடும் வணிகம் என்றால் பொதுவாக இந்தச் சட்டம் துணைக்கு வராது.