ரதமும் மைலோ டின்னும்

அன்புள்ள அக்கா,

பினாங்குத் தைப்பூச வெள்ளி ரதம் பழைய ஃபெர்ரியில் கடல் கடக்கும் உங்கள் ஓவியத்தைப் பார்த்தேன். நானும் புகைப்படங்களை வைத்துக் கற்பனைக் காட்சிகள் வரைகிறேன். ஆனால் எல்லாமே கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கின்றன. கடைசியாக வரைந்தது, பினாங்கு குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவில் வாசலில் யானை நிற்கும் காட்சி. கோவிலை எதிர்க்கடை மாடியிலிருந்தும் யானையைத் தைப்பிங் விலங்குக்காட்சிச் சாலையிலும் படம் எடுத்தேன். புகைப்படம் பார்த்து வரைவதே ஏமாற்று வேலை என்கிறார் என் நண்பர். அதுதான் காரணமோ?

பட்டர்வொர்த் வாசகர்

அன்புள்ள தம்பி,

நண்பரின் குற்றச்சாட்டை முதலில் தள்ளிவிடுவோம். செக் ஓவியர் அல்போன்ஸ் மூகா தன் ஓவியங்களுக்காக மாடல்களை நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்தவர். அடுத்தவர் எடுத்த படத்தைக் கேட்காமல் பயன்படுத்துவதுதான் ஏமாற்று. ஆரம்பத்தில் நானே அதைச் செய்தேன். படம் எடுத்தவர் கண்காட்சிக்கு வந்து, என் ஓவியத்தின் முன் நெடுநேரம் பேசாமல் நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

உங்கள் யானைக்கு வருகிறேன். கோவிலை மாடியிலிருந்து பார்த்திருக்கிறீர்கள், யானையைத் தரையில் நின்று. இரண்டையும் ஒரே தாளில் வைத்தால் பார்ப்பவர் ஒரே சமயத்தில் மாடியிலும் தெருவிலும் நிற்க வேண்டும். தெருவில் நின்று எடுத்த ஏதாவது ஒரு படத்தைப் பாருங்கள். சமதரையில் நிற்கும் பெரியவர்களின் கண்கள், கிட்டே இருந்தாலும் தள்ளி இருந்தாலும், ஏறத்தாழ ஒரே கோட்டில் வரும். அதுதான் தொடுவானக் கோடு. மாடியிலிருந்து எடுத்தால் அந்தக் கோடு எல்லோர் தலைக்கும் மேலே போய்விடும். அந்தக் கோட்டுக்கு ஒத்துவராத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

ஆனால் தவறு அதற்கும் முன்பே நடந்துவிட்டது. கையில் நல்ல யானைப் படம் இருந்தது, அதனால் யானை வரைந்தீர்கள். (சரிதானே? நானும் வெகுகாலம் அப்படித்தான் வரைந்தேன்.)

ரத ஓவியம் எந்தப் படத்தையும் பார்க்காமல் தொடங்கியது. தைப்பூசத்துக்கு முதல் நாள் நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோவிலுக்குப் புறப்படும் அந்த ரதம், 1894இல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது என்று சிறு வயதில் கேட்டேன். அலைமேல் அது எப்படி நின்றிருக்கும் என்ற யோசனை அதன்பிறகு என்னை விடவில்லை. 2020 கடைசியில் பழைய ஃபெர்ரிகள் ஓய்ந்தபோது இரண்டும் மனதில் சேர்ந்துகொண்டன. தீப்பெட்டி அளவில் முப்பது நாற்பது கிறுக்கல்கள் போட்டேன். வெளிச்சம் எங்கிருந்து, கண் எந்த உயரத்தில், எது பெரிது என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிட்டது. பிறகுதான் படங்களைத் தேடினேன்.

கிடைத்தவை ஒன்றோடொன்று சேரவில்லை. ரதப் படங்கள் இரவில் ஃப்ளாஷ் போட்டு எடுத்தவை; ஃபெர்ரி உச்சி வெயிலில்; கடல் மேகமூட்டத்தில். எனக்கு வேண்டியதோ, ஜார்ஜ்டவுனுக்குப் பின்னால் சூரியன் இறங்கும் நேரம். வெள்ளிக்குச் சொந்த நிறம் குறைவு, சுற்றியிருப்பதை வாங்கித்தான் காட்டும். ஃப்ளாஷ் படத்தில் அது வெறும் வெளுப்பு. ஆகவே ஒரு மைலோ டின்னில் அலுமினியத் தாளைச் சுற்றி, கப்பல் தளத்துக்காகத் துருச்சிவப்பு அட்டைமேல் வைத்து, ஒரு பக்கம் மேசை விளக்கைப் போட்டேன். டின்னின் அடிப்பாகம் அட்டையின் சிவப்பை ஏந்திக்கொண்டது. விளக்குப் படாத பக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே இருந்த வானத்தின் நீலம். எல்லோரும் பாராட்டும் அந்த ரதம் பாதிக்குமேல் மைலோ டின்தான்.

ரதத்தை இழுக்கும் காளைகளில் மட்டும் புகைப்படத்தை மீறினேன். படத்தில் ஒன்று பாதி தூக்கிய காலோடு நொண்டிக் காளைபோலத் தெரிந்தது. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் வரைந்த எப்சம் பந்தயக் குதிரைகள் நான்கு கால்களையும் நீட்டிப் பறக்கும். குதிரை அப்படி ஓடுவதில்லை என்று 1878இல் புகைப்படக்காரர் மைபிரிட்ஜின் படங்கள் காட்டிவிட்டன. இருந்தும் ஜெரிக்கோவின் குதிரைகள்தான் எனக்கு ஓடுகின்றன. என் காளையின் காலையும் முன்னே தள்ளி ஊன்றவைத்தேன்.

உங்கள் படத்தை மறுபடி வரையுங்கள். யானை அந்த வாசலுக்கு ஏன் வந்தது என்று முதலில் ஒரு கிறுக்கலில் சொல்லிப் பாருங்கள். கோவிலைக் கடைகள் திறக்குமுன் தெருவிலிருந்து எடுங்கள். எதிர்க்கடைகளின் ஐந்தடி நடைபாதைவரை பின்வாங்கிக்கொள்ளுங்கள், கிட்டே நின்று கைப்பேசியை அண்ணாந்தால் கோபுரம் பின்னால் சாயும். யானைக்காகத் தைப்பிங் திரும்பப் போக வேண்டாம். களிமண்ணில் ஒன்றைப் பிடித்து அதே காலை வெயிலில் வையுங்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தாலும், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரிந்துவிடும்.