முதல் வீட்டை எங்கே எடுப்பது?

தம்பி, அடுத்த மாதம் ரொறன்ரோவுக்கு வருகிறேன், நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலா, அதற்கு வடக்கே உள்ள மார்க்கம் நகரத்திலா வீடு பார்க்கலாம், என்ன வேலை கிடைக்கும், எந்த ஜக்கெற் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜக்கெற்றை இங்கே வந்து வாங்குங்கள். வேலை உங்கள் படிப்பைப் பொறுத்தது. வீட்டு விஷயம்தான் முக்கியம்.

ஊரில் இருந்தபடியே காசு அனுப்பி பேஸ்மென்ட் (வீட்டின் நிலத்தடிப் பகுதி) பிடிக்காதீர்கள். "எங்கட ஆள்தான்" என்று யார் சொன்னாலும் வேண்டாம். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி வீட்டுக்காரர் வாடகை முன்பணமாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும்தான். பழுதானால் கழிக்க என்று தனியாக வாங்கவே முடியாது. என்னிடம் ஒருவர் வாங்கினார், அதுவும் பக்கத்து ஊர்க்காரர். வீடு மாறும்போது சுவரில் கறை என்று சொல்லி ஒரு சதமும் திருப்பித் தரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. 2018இலிருந்து அரசாங்கமே ஒரு பொது ஒப்பந்தப் படிவம் வைத்திருக்கிறது, அதில்தான் கையெழுத்துப் போடுங்கள். பேஸ்மென்ட் என்றால் நேரில் போய், நெருப்புப் பிடித்தால் யன்னலால் வெளியே வர முடியுமா என்று பாருங்கள்.

இடம் என்று கேட்டால், கார் வாங்கும் வரைக்கும் ஸ்காபரோதான். கடை, கோயில், வைத்தியர் எல்லாம் தமிழிலேயே கிடைக்கும். ஆனால் 2023இல், நிலத்தடி ரயிலான சப்வேயிலிருந்து ஸ்காபரோவுக்குள் ஓடிய ஆர்.ரி. ரயில் தடம் புரண்டு, அதோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் வீட்டிலிருந்து சப்வேக்கு பஸ்ஸில் எவ்வளவு நேரம் என்று பார்த்து எடுங்கள். மார்க்கத்தில் பெரிய வீட்டில் இருந்துகொண்டு "ஸ்காபரோ கெட்டுப்போச்சு" என்பவர்களின் பேச்சை விடுங்கள். ஸ்காபரோவின் எக்ளின்ரன் வீதிப் பக்கத்து அடுக்குமாடிகளில் இருந்து காசு சேர்த்துத்தான் அவர்களில் பலர் அங்கே போனார்கள். எல்லாச் சனமும் அப்படித்தான். இத்தாலிக்காரர் நகர நடுவில் கொலிஜ் வீதியில் தொடங்கி, நகருக்கு வெளியே வூட்பிரிட்ஜ் போனார்கள்.

எங்களுக்குத் தொடக்கம் ரொறன்ரோ நடுவிலுள்ள அடுக்குமாடிப் பகுதியான செயின்ற் ஜேம்ஸ் ரவுன். நான் 1989இல் வந்தபோது ஒரு படுக்கையறை வீட்டில் ஆறு பேர். இரவு ரெஸ்ரோரன்றில் கோப்பை கழுவிவிட்டு ஷேர்போர்ன் சப்வேயில் இறங்கி வந்தால், பகல் வேலைக்காரர் எழும்பிய பாயில் படுப்போம். பார்லிமென்ட் வீதிக் கடையில் கடன் கொப்பி இருந்தது. புதிதாக ஒருவர் வந்தால், அடுத்த நாளே யாராவது லீவு போட்டு வேலை செய்யத் தேவையான சின் கார்ட் எடுக்கக் கூட்டிப்போவோம்.

இப்போது சிலர் ஒரே அறையில் நாலு மாணவரைப் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டிலும் நெரிசல்தான், ஆனால் வாடகையை ஆறாகப் பிரித்துக் கட்டினோம். அதில் யாரும் லாபம் பார்க்கவில்லை.