கையெழுத்து மட்டும் வைக்காதேங்கோ தங்கச்சி

கிளிநொச்சியில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. வெளிநாட்டு சுப்பர்மார்க்கெட் ஒண்டு ஏ9 ரோட்டில கிளை திறந்து, ஊர்ப் பிள்ளையளுக்குத்தான் வேலை எண்டு திறப்பு விழாவில மைக்கில சொல்லி, இவவையும் கேஷியரா எடுத்து, பதினொரு மாசம் வேலை வாங்கிப்போட்டு இப்ப யாவாரம் காணாது எண்டு, 'நானாவே விலகுறன்' எண்டு எழுதி சைன் வைச்சா ஒரு மாசச் சம்பளம் தருவினமாம். ஹெட் ஒஃபிஸ் வெளிநாட்டில, இங்க கேஸ் போடலாமோ எண்டு கேக்கிறா.

சைன் வைக்காதேங்கோ. வேலையால நிப்பாட்டுறதைக் கட்டுப்படுத்துற 1971ம் ஆண்டின் 45ம் இலக்க இலங்கைச் சட்டப்படி, 15 பேரோ அதுக்கு மேலயோ வச்சிருக்கிற முதலாளி, 12 மாசத்துக்குள்ள 180 நாள் வேலை செய்த ஒராள ஒழுக்கக் குற்றம் இல்லாம நிப்பாட்டுறதெண்டா ஒண்டில் அந்த ஆள் முன்கூட்டியே எழுத்தில சம்மதிக்க வேணும், இல்லாட்டி தொழில் ஆணையாளர் நாயகத்திட்ட அனுமதி எடுக்க வேணும். அனுமதிக்குப் போனா நட்டஈட்டுக் கணக்கு வரும், அதால தான் உங்கட கையெழுத்தைக் கேக்கினம். 15 எண்டது உங்கட கிளையில மட்டும் இல்லை, அந்த முதலாளியிட்ட மொத்தமா.

முதலாளி எந்த நாட்டுக்காரர் எண்டாலும் கிளிநொச்சியில நடத்துற கடைக்கு இலங்கைச் சட்டம்தான். பே சிலிப்பில வேற மேன்பவர் கம்பெனியின்ர (ஆள் பிடிச்சுக் குடுக்கிற கம்பெனி) பேர் கிடந்தா பயப்படாதேங்கோ, முறைப்பாட்டில கடையையும் அந்தக் கம்பெனியையும் போடுங்கோ.

மைக்கில சொன்னத வச்சு வழக்காடேலாது, அதை நேரா சொல்லிப்போடுறன். எங்கட பிள்ளையள் குவைத், கட்டார் எண்டு போகாம ஊரில நிண்டு உழைக்கிறது எனக்கும் பெரிய சந்தோசம், எண்டாலும் வேலை தந்தவை எண்டதுக்காக சட்டம் தாறத விட்டுக்குடுக்காதேங்கோ.

ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) எண்டு உங்கட சம்பளத்தில 8 வீதம் வெட்டியிருப்பினம், அவை 12 வீதம் போட வேணும், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் அவையின்ர காசு. வெட்டினது கணக்கில விழுந்ததோ எண்டு உடனே பாருங்கோ, விழாட்டி தொழில் திணைக்களத்தில தனியா முறையிடலாம், பிந்தினா தண்டப்பணமும் கட்ட வைப்பினம்.

வாயால வர வேண்டாம் எண்டா அந்தத் திகதிய எழுதி வையுங்கோ, அண்டையில இருந்து ஆறு மாசத்துக்குள்ள முறைப்பாடு போக வேணும். பே சிலிப், நியமனக் கடிதம், வருகைப் பதிவு போட்டோ, மனேஜர் அனுப்பின வட்சப் மெசேஜ் எல்லாத்தையும் ஒண்டும் அழிக்காம எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே தொழில் அலுவலகத்துக்குப் போங்கோ.