நிலவுக்கு அஸ்தி அனுப்புவதை நவஹோ மக்கள் எதிர்ப்பது மூடநம்பிக்கைதானே?

மூடநம்பிக்கை என்று நீங்களே முடிவு கட்டிவிட்டுக் கேட்பது போலத் தெரிகிறது. 2022-க்கு முன்பு கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் வாழும் பூர்வகுடிகளான நவஹோ மக்களுக்கு நிலவு புனிதமானது. இறந்தவரின் எச்சங்களை விட்டு விலகி நிற்பதும் அவர்கள் மரபு. கோள் நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கரின் சாம்பலில் சிறிதளவை ஏற்றிக்கொண்டு 1998 ஜனவரியில் நாசாவின் நிலவு ஆய்வுக் கலமான லூனார் பிராஸ்பெக்டர் புறப்பட்டபோது, அன்றைய நவஹோ தலைவர் ஆல்பர்ட் ஹேல் எதிர்ப்புத் தெரிவித்தார். நாசா வருத்தம் தெரிவித்து, இனி முன்கூட்டியே கலந்து பேசுவதாக வாக்களித்தது. பெரெக்ரின் என்ற தனியார் கலம் பலருடைய அஸ்தியோடு 2024 ஜனவரியில் கிளம்பவிருந்தபோது, அப்போதைய தலைவர் பூ நைக்ரன் அந்த வாக்கை நினைவூட்டி, ஏவுதலைத் தள்ளிவைக்கக் கேட்டார். தள்ளிவைக்கவில்லை, ஜனவரி 8 அன்று ஏவிவிட்டார்கள்.

இதில் எனக்கென்ன வந்தது என்றால், என் அப்பா எங்கள் ஊர் ஏரியில் மதகு திறந்து மூடும் நீர்பாய்ச்சியாக இருபது ஆண்டுகள் இருந்தவர். தம் சாம்பலை அங்கேதான் கரைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். 2022 ஆடியில் சென்னையில் இறந்தார். மறுநாள் விடியற்காலையில் முழங்காலளவு நீரில் இறங்கி, கலயத்தின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, ஒரு கை அள்ளிப் போட்டிருப்பேன். சாம்பல் உடனே கரையாமல் பாலாடை போல நீரின்மேல் மிதந்து நின்றது. கரையிலிருந்து, எங்கள் தெருச் சின்னம்மா ஒருவர் குரல் கொடுத்தார்.

"ஏம்ப்பா, இந்தத் தண்ணியிலதானே ஆத்தாளுக்குக் கரகம் ஜோடிக்கிறோம்? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

நான் பதில் சொன்ன விதத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இவ்வளவு பெரிய ஏரியில் ஒரு கலயம் சாம்பல் என்ன செய்துவிடும், தினமும் எருமைகள் இறங்குகிற தண்ணீர்தானே என்றேன். எருமையைப் பற்றி அவர் வாதாடவில்லை. "உங்கப்பா எங்களுக்கும் வேண்டியவருதானே, கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருப்போம்?" என்று மட்டும் சொன்னார்.

அப்பல்லோ வீரர்கள் தங்கள் கழிவுப் பைகளையே நிலவில் விட்டு வந்தார்கள், சாம்பலுக்கு மட்டும் என்ன தீட்டு என்று உங்களைப் போலப் பலர் கேட்கிறார்கள். அது என்னுடைய எருமை வாதமேதான். இதை எழுதினால் 'விண்வெளி ஆய்வுக்கு மதத்தின் அனுமதி வேண்டுமா' என்று யாராவது பாய்வார்கள் என்பதும் தெரியும். நான் அனுமதியைப் பற்றிப் பேசவில்லை. நாசா தானே கொடுத்த வாக்கைப் பற்றிப் பேசுகிறேன். தனியார் பயணம், எதை ஏற்றுவது என்பது தங்கள் கையில் இல்லை என்று நாசா தரப்பில் சொன்னார்கள். ஆனால் தன் கருவிகளைக் கொண்டு செல்வதற்காக அதே கலத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது நாசாதான். தனியார் விண்வெளியில் செய்வதற்கும் அந்தந்த நாடே பொறுப்பு என்கிறது 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம். அந்தக் கலம் நிலவுக்குப் போகாமல், ஜனவரி 18 அன்று பசிபிக்கின் மேல் எரிந்து போனதற்குக் காரணம் சாபம் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஹீலியம் வால்வு ஒன்று சரியாக மூடாததுதான் காரணம்.

மிச்சச் சாம்பலோடு கலயத்தை மறுபடி கட்டிக்கொண்டு கரையேறினேன். அன்று மாலை கோயில் திண்ணையில் பெரியவர்களிடம் கேட்டேன். திருவிழா முடியட்டும், பிறகு உபரி நீர் வழியும் கலங்கல் பக்கமாகக் கரைத்துக்கொள் என்றார்கள், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பதினெட்டு நாள் அந்தக் கலயம் மாட்டுக் கொட்டகையின் உத்தரத்தில் தொங்கியது. கரைக்கப் போன அன்று அந்தச் சின்னம்மாதான் முன்னால் நடந்து, வழுக்காத படி எது என்று காட்டினார்.