இனிப்பு ஏறிவிட்டது, விதை இன்னும் பச்சை

கேள்வி: இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில், பரோலோ ஊருக்கு அருகே தென்மேற்குச் சரிவில் ஒரு ஹெக்டேர் நெபியோலோ திராட்சையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். இந்தக் கோடையில் வெயில் கடுமை. செப்டம்பர் 10-ஆம் தேதியே சாறு 24 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) காட்டுகிறது. நிறம் மட்டும் ஏறவில்லை. ஜூலையில் கொத்தைச் சுற்றி இலை கிள்ளினேன். மேற்குப் பக்க மணிகள் பல கருகிச் சுருங்கிவிட்டன. இப்போதே அறுத்துவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு அறுத்துவிடாதீர்கள். நாளைக் காலை தோட்டத்தின் நாலா பக்கமும் நடந்து, நூறு மணிகளைப் பறித்து, ஒவ்வொன்றையும் பிதுக்கி விதையைப் பாருங்கள். பச்சை விதையைக் கடித்தால் நாக்கு இழுக்கும். சதை அதை விட்டுப் பிரியாது. பழுத்த விதை பழுப்பாக இருக்கும், பல்லில் மொறுக்கென்று உடையும். உங்கள் கேள்விக்கு விடை அந்த விதையில்தான் இருக்கிறது.

வெயில் சர்க்கரையை விரட்டி ஏற்றும். வறட்சியில் மணி நீர் வற்றிச் சுருங்கும்போது பிரிக்ஸ் இன்னும் கூடும். விதையும் தோலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. 24 பிரிக்ஸ் என்றால் ஏறத்தாழ 14 சதவீத ஆல்கஹால். உங்கள் ஊர்ப் பெயரில் நெபியோலோவிலிருந்து செய்யும் பரோலோ ஒயினுக்கு விதி கேட்பதோ 13 சதவீதம்தான். சர்க்கரைக்கு உங்களிடம் குறையே இல்லை. இன்று அறுத்தால் போதை இருக்கும், பழத்தின் மணம் இருக்காது, பச்சைத் துவர்ப்பு மட்டும் தொண்டையைப் பிடிக்கும். விற்பனைக்கு முன் 38 மாதம் வைத்திருக்க வேண்டிய ஒயின் இது. அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். ஆனாலும் பச்சை விதையின் கசப்பைப் பீப்பாய் போக்கிவிடாது. 2003-ஆம் ஆண்டின் கொடும் வெயிலில் இத்தாலியில் பலரும் சர்க்கரையை மட்டும் பார்த்து அறுத்தார்கள். வெந்த பழத்தின் வாடையும் வறண்ட துவர்ப்புமாகத்தான் பல ஒயின்கள் வந்தன.

நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நெபியோலோ இயல்பிலேயே வெளிறிய இனம். கண்ணுக்கு மெலிதாகத் தெரிந்தாலும் வாயில் துவர்ப்பு பலமாக இருக்கும். தோலில் நிறம் ஊறுவதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். உங்கள் மலைச்சரிவில் செப்டம்பர் பிற்பாதியில் அது தானே வரும்.

கவனிக்க வேண்டியது புளிப்பு. திராட்சையின் புளிப்பு முக்கியமாக இரண்டு அமிலங்களால் வருவது. மாலிக் அமிலத்தை வெயிலில் மணியே எரித்துத் தீர்த்துவிடும்; டார்டாரிக் அமிலம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நெபியோலோவில் புளிப்பு அதிகம் என்பதால் காத்திருக்க உங்களுக்கு அவகாசம் உண்டு. நான்கு நாளைக்கு ஒருமுறை சாற்றின் பி.எச். அளந்து வாருங்கள்; புளிப்பு குறையக் குறைய அந்த எண் ஏறும். அது 3.6-ஐ நெருங்கினால் விதை முழுதும் பழுக்கும் வரை பார்த்திருக்க வேண்டாம், அறுத்துவிடுங்கள். அப்படி அறுக்க நேர்ந்தால், தோலும் விதையும் சாற்றில் ஊறும் நாட்களைக் குறைக்கும்படி ஒயின் செய்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

இலை கிள்ளியதுதான் எனக்கு வருத்தம். மழையும் குளிருமாக இருந்த 2014 போன்ற ஆண்டில் அது நல்ல வேலை. காற்று புகுந்து அழுகலைத் தடுக்கும். இந்த வெயிலுக்கு இலைதான் குடை. அடுத்த ஆண்டு காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் மட்டும் கிள்ளுங்கள். மேற்குப் பக்கத்தைத் தொடவே வேண்டாம். பனி முதலில் உருகும் தெற்குச் சரிவுகளை 'சொரி' என்று பெயர் சொல்லிக் கொண்டாடிய ஊர் அது. இன்று அதே ஊரில் உயரமான, வெயில் குறைந்த நிலத்தைத் தேடுகிறார்கள். உங்கள் சரிவு பழைய கணக்கில் தேர்ந்தெடுத்த சரிவு. நிழலை நீங்கள்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

கருகிய மணிகளை இந்த வாரமே கத்தரியால் நறுக்கிக் கீழே தள்ளுங்கள். வெடித்த மணியில் மழை பட்டால் பக்கத்துக் கொத்துக்கும் அழுகல் தொற்றும். அறுவடையை விடியற்காலையில் தொடங்குங்கள். மண் மெலிந்த மேல்சரிவில் பெரும்பாலும் முதலில் பழுக்கும்; அதை முதலில் அறுங்கள். கீழ்ச்சரிவின் விதையைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கழித்து அங்கே இறங்கலாம்.