நடத்தை அறிவியல், மேலாண்மை ஆய்வு: கேளுங்கள், சொல்கிறேன்

மனிதர்கள் வேலையிடத்தில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறேன். இந்த ஆய்வுப் பணி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

கே: நான் பொறியியல் படித்தவன். உளவியல் பட்டம் இல்லாமல் உள்ளே வர முடியுமா சார்?

தாராளமாக வரலாம். இது பல துறைக்காரர்கள் சேர்ந்து கட்டிய வீடு. மனிதர்கள் முடிவெடுக்கும் விதத்தை ஆராய்ந்த ஹெர்பர்ட் சைமன் முனைவர் பட்டம் வாங்கியது அரசியல் அறிவியலில். 1978-ல் நோபல் கிடைத்தது பொருளியலில். 2002-ல் அதே பரிசைப் பெற்ற டேனியல் கானமன் ஓர் உளவியலாளர். புள்ளியியலை மட்டும் அடித்தளத்திலிருந்து படியுங்கள்.

கே: எந்தத் தலைப்பு எடுத்தால் பேப்பர் சீக்கிரம் வெளியாகும்?

விடை தெரியாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராத தலைப்பை எடுங்கள். பல வருடம் அதோடுதான் வாழப் போகிறீர்கள்.

கே: டேட்டா எடுத்துவிட்டேன், கருதுகோள் நிற்கவில்லை. வேறு மாறிகளைப் போட்டுப் பார்க்கலாமா மேடம் என்று கைடிடம் கேட்டேன், "பார்" என்கிறார்.

இதை விரிவாகவே சொல்கிறேன். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத டேட்டாவில், 0.05 என்ற எல்லையை வைத்து (தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் "தேறியது" என்பார்கள்) ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், ஒன்றாவது தேறிவிடும் வாய்ப்பு 64 சதவீதம். 2011-ல் மூன்று ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள்: ஒரு பாட்டைக் கேட்டவர்களின் வயது ஏறக்குறைய ஒன்றரை வருடம் குறைந்துவிட்டது என்று புள்ளியியல்படி "நிரூபித்தார்கள்". 2015-ல் உளவியல் ஆய்வுகள் நூறைத் திரும்பச் செய்தபோது, 36 சதவீதத்தில்தான் புள்ளியியல்படி தேறும் முடிவு மறுபடி வந்தது. அதனால் டேட்டாவைத் தொடும் முன்பே கருதுகோளையும் பகுப்பாய்வு முறையையும் எழுதி, தேதியோடு பதிவு செய்துவிடுங்கள்.

கே: ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லாவற்றையும் முன்பே எழுதிவிட்டால் எதிர்பாராத கண்டுபிடிப்புக்கு இடம் ஏது? ஹாதார்ன் ஆய்வு தற்செயலாக வந்ததுதானே?

நல்ல எதிர்வாதம், ஆனால் உதாரணம் என் பக்கம்தான் நிற்கிறது. சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில் 1924-ல் வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தார்கள். கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது, காரணம் கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வு என்று பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. அழிந்துபோனதாக நினைத்த அந்தப் பழைய டேட்டாவைத் தேடியெடுத்து லெவிட், லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2011-ல் அலசினார்கள். கதை சொல்லும் அந்தப் பெரிய விளைவு அதில் இல்லை.

கே (அதே நண்பர்): அப்படியென்றால் ஆர்வத்துக்குப் பூட்டா?

இல்லை. தேடுங்கள், துருவுங்கள். ஆனால் அதற்குத் "தேடல்" என்றே பெயர் வையுங்கள். தேடலில் கிடைத்ததைப் புது டேட்டாவில் சோதியுங்கள். கண்டுபிடித்த டேட்டாவையே சாட்சிக்கும் கூப்பிடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கே: என் பி மதிப்பு (அந்தத் தற்செயல் வாய்ப்பு) 0.06. நான்கு பேரை நீக்கினால் 0.04 ஆகிறது.

நீக்காதீர்கள். மேலே சொல்லிவிட்டேன்.

கே: இன்னும் 50 பேரைச் சேர்த்தால் தேறும் போலிருக்கிறது. சேர்க்கலாமா?

இதுவும் அதே கேள்விதான். எத்தனை பேர் என்பதை முதலிலேயே கணக்கிட்டு எழுதுங்கள். புதிதாகக் கேட்பவர்கள் தயவுசெய்து மேலே ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

கே: கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று கைடோடு தகராறு.

அடுத்த கட்டுரைக்கு வேலை தொடங்கும் முன்பே பெயர் வரிசையை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரைக்கு, யார் எந்த வேலை செய்தார் என்று பட்டியல் போட்டு நேரில் பேசுங்கள்.

கே: ஆலோசனை நிறுவனங்களில் சம்பளம் எப்படி?

அங்கே வேலை பார்ப்பவரைக் கேளுங்கள்.

கே: மூன்று வருட உழைப்பு. விளைவு எதுவும் இல்லை என்றே வந்திருக்கிறது. வீணா?

வீணே இல்லை, எழுதி அனுப்புங்கள். படிவத்தின் அடியில் வாங்காமல் மேலேயே கையெழுத்து வாங்கினால் பொய் குறையும் என்று 2012-ல் ஒரு கட்டுரை வந்தது. பலர் அதை நம்பினார்கள். 2020-ல் அதே ஆசிரியர்கள் வேறு சிலரோடு சேர்ந்து, திரும்பச் செய்தோம், பலிக்கவில்லை என்று அதே ஆய்விதழில் எழுதினார்கள். கூடவே பழைய டேட்டாவையும் வெளியிட்டார்கள். அதைப் புரட்டியவர்கள் ஒரு பகுதி புனையப்பட்டது என்று காட்ட, 2021-ல் முதல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. "பலிக்கவில்லை" என்ற அந்தக் கட்டுரை வராமல் போயிருந்தால் அந்த டேட்டா யார் கண்ணிலும் பட்டிருக்காது.