அடிக்கடி அறுந்துபோகும் நெட்வொர்க்: ஈஎஸ்பி32 கேள்வி-பதில்

தோட்டத்து மோட்டாரை ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறிய கட்டுப்பாட்டு சிப்) போர்டு வைத்து இயக்குகிறேன். மோட்டார் போடும் நேரத்தில் மட்டும் வைஃபை போய், கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்துவிடுகிறது. ரவுட்டரை மாற்றியும் அதே கதை.

ரவுட்டரை விடுங்கள். போவது வைஃபையா, இல்லை போர்டே ரீசெட் ஆகிறதா என்று முதலில் பாருங்கள், வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கடைசியாக ஏன் ரீசெட் ஆனது என்ற தகவலை அந்த சிப்பே வைத்திருக்கும். பூட் ஆனதும் முதல் வேலையாக அதைப் படித்து எங்காவது பதிந்துவையுங்கள். ‘பிரவுன்அவுட்’, அதாவது வோல்டேஜ் இறங்கிப்போனது என்று வந்தால் கோளாறு நெட்வொர்க்கில் இல்லை, சப்ளையில் இருக்கிறது. வைஃபை சிக்னல் அனுப்பும் கணத்தில் இந்த சிப் 240 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், அதனால்தான் குறைந்தது 500 மில்லி ஆம்பியர் தரும் சப்ளை வேண்டும் என்கிறது சிப்பைத் தயாரிக்கும் எஸ்பிரெசிஃப். மோட்டார் எடுக்கும்போது லைன் வோல்டேஜ் இறங்கி, மட்டமான அடாப்டரும் மெல்லிய யுஎஸ்பி கேபிளும் சேர்ந்துகொண்டால் போர்டுக்கு வந்து சேரும் 5 வோல்ட் நாலரைக்குப் பக்கத்தில் வந்துவிடும், பல போர்டுகளில் 5 வோல்ட்டை 3.3 ஆக இறக்கித் தரும் 1117 ரெகுலேட்டருக்கு அது போதாது. நல்ல அடாப்டர், குட்டையான கேபிள், 3.3 வோல்ட் பின்னுக்கு ஒட்டினாற்போல் ஒரு 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், இவற்றை முதலில் செய்யுங்கள். பிரவுன்அவுட் டிடெக்டரையே புரோகிராம் கோடில் அணைத்துவிடு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், குறைந்த வோல்டேஜில் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதப்போய் உள்ளே இருப்பதும் கெட்டுப்போகும்.

பிரவுன்அவுட் இல்லாமல் வேறு காரணம் வந்தால் மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் கான்டாக்டரின் காயிலைச் சந்தேகப்படுங்கள், அது அணையும்போது வோல்டேஜ் துள்ளும். ஏசி காயில் என்றால் அதன் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டரும் தொடராகச் சேர்த்த ஸ்னப்பர் (அந்தத் துள்ளலை அடக்கும் சுற்று) போடுங்கள். டிசி ரிலே என்றால் காயிலின் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு டையோடு போதும்.

ஒரே புரோகிராம் கோடு போட்ட இரண்டு போர்டுகள். தனியாக ஓடினால் பிரச்சினை இல்லை, சேர்ந்து ஓடினால் மாறி மாறி இணைப்பு அறுகிறது.

எம்க்யூடிடி (கருவிகள் சர்வர் வழியாகச் செய்தி பரிமாறும் நெறிமுறை) பயன்படுத்துகிறீர்கள் என்றால், கருவியை அடையாளம் காட்டும் கிளையன்ட் ஐடி இரண்டிலும் ஒன்றாக இருக்கும். அதே ஐடியோடு இன்னொருவர் வந்தால் பழையவரை வெளியேற்ற வேண்டும் என்பது அந்த நெறிமுறையின் விதி, வெளியே போனது உடனே திரும்பி வந்து மற்றதைத் தள்ளும், இப்படியே ஓடும். சிப்பின் மேக் முகவரியில் (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள தனி எண்) கடைசி சில இலக்கங்களை ஐடியோடு ஒட்டிவிடுங்கள், சரியாகிவிடும். ஈதர்நெட் ஷீல்டு (கம்பி வழி நெட்வொர்க்குக்கான துணைப் போர்டு) வைத்திருப்பவர்கள் மேக் முகவரியையே பாருங்கள்: டிஇ ஏடி பிஇ இஎஃப் எஃப்இ இடி என்று ஆர்டுயினோ உதாரணத்தில் இருப்பதை இரண்டு போர்டிலும் அப்படியே நகலெடுத்தால் நெட்வொர்க் ஸ்விட்ச் எந்தப் போர்ட்டுக்கு அனுப்புவது என்று தெரியாமல் தடுமாறும்.

சில நாள் காலையில் போர்டுக்கு வைஃபையே தெரிவதில்லை. அதே இடத்தில் போன் நன்றாக வேலை செய்கிறது.

போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும், இந்தப் போர்டுக்கு 2.4 மட்டும்தான் தெரியும், அதனால் போனை வைத்து முடிவு செய்யாதீர்கள். இணைப்பு அறும்போது வரும் காரண எண்ணைப் பதியுங்கள். 201 என்றால் ரவுட்டரே கண்ணில் படவில்லை, 200 என்றால் இணைந்திருந்தபோதே பீக்கன் (ரவுட்டர் தான் இருப்பதை அவ்வப்போது அறிவிக்கும் சிக்னல்) வராமல் போயிருக்கிறது, 15 என்றால் கடவுச்சொல் கைகுலுக்கல் முடியவில்லை. உங்கள் விவரத்தைப் பார்த்தால் 201 வரும் என்றுதான் தோன்றுகிறது. ரவுட்டர் சேனலை ‘ஆட்டோ’வில் விட்டிருந்தால் ஒருநாள் 12க்கோ 13க்கோ போய் உட்காரும், நாடு அமெரிக்கா என்று அமைத்த கருவி 11க்கு மேல் தேடாது. சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக நிலையாக வைத்துவிடுங்கள்.

சிம் கார்டு மோடம் வழியாக அனுப்புகிறேன். இணைப்பு இருப்பதாகவே காட்டுகிறது, சர்வரிலிருந்து அனுப்பும் கட்டளை மட்டும் வந்து சேருவதில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் மொபைல் நிறுவனத்தின் நாட் கருவி (பல பேருக்கு ஒரே இணைய முகவரியைப் பகிர்ந்து கொடுப்பது) உங்கள் இணைப்பை மறந்துவிடும், உங்கள் பக்கம் எதையாவது அனுப்பிப் பார்க்கும் வரை, இணைப்பைக் கவனிக்கும் டிசிபி நெறிமுறைக்கு அது தெரியாது. ‘இருக்கிறேன்’ என்று அவ்வப்போது சிறு செய்தி அனுப்பும் கீப்அலைவ் நேரத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து எங்கே நிற்கிறது என்று பாருங்கள். டேட்டா கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், பரவாயில்லை.

ஒன்றரை மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு, ஒருமுறை அறுந்தபின் மீண்டும் இணையவே இல்லை.

மில்லி விநாடிக் கணக்கு 32 பிட்டில் இருந்தால் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். ‘அடுத்து முயல வேண்டிய நேரம்’ என்று ஒரு பெரிய எண்ணைச் சேமித்து அதோடு ஒப்பிட்டிருந்தால் அடுத்த 49 நாளுக்கு உங்கள் கோடு முயலாது. இப்போதைய எண்ணிலிருந்து கடைசியாக முயன்ற எண்ணைக் கழித்து, வரும் விடையை இடைவெளியோடு ஒப்பிடுங்கள். வேரியபிள் அன்சைன்டாக (மைனஸ் எண் இல்லாத வகை) இருக்கட்டும்.